சுடலைமுத்துவின் ஒன்றரை மணி நேரம்

டெஸ்பாட்ச் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், என் கடைசி வேலை நாளன்று, கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது என்னிடம் வந்து கேட்டார்: “சார், தினமும் கேட்டுக்கு வெளிய ஒரு பேலைத் தனியாக் கொண்டுபோய் வைக்காங்களே, அது எதுக்கு? சாம்பிளா?”

என் கழுத்தில் மாலை இருந்தது. ஒரு கையில் பால்கோவா டப்பா, இன்னொரு கையில் நீங்கள் வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரம். “அது பெரிய கதை தம்பி, பொறவு சொல்றேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். ஓய்வு பெறுகிறவருக்கு எதற்குக் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அது கூடத்தில் நன்றாக ஓடுகிறது. அதைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைதான் எதுவும் இல்லை.

எனவே அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலை, உங்கள் எல்லோருக்குமாக, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். இத்தனை வருஷமும் இதே மலையை ராஜபாளையம் போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். நின்று பார்க்கும்போது அது வேறு மலை மாதிரி இருக்கிறது.

நம்முடைய வேலை உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியை நெய்து, வெளுத்து, மடித்து, அழுத்திக் கட்டிய பொதிகளாக நம்மிடம் அனுப்புவார்கள். அந்தப் பொதிதான் பேல். அதை லாரியில் ஏற்றி, உரிய இடத்துக்கு, சொன்ன நேரத்தில் போய்ச் சேரும்படி செய்வது நம் பொறுப்பு. வேறு பிரிவுகளில் துணி குறையும், நூல் குறையும், ஆள் குறையும். நம் பிரிவில் குறைவது எப்போதும் நேரம்தான். அதனால் நேரத்தை மிச்சம் பிடிப்பது பற்றித்தான் எல்லோரும் உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு.

பெரிய முதலாளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது அவர் ஆலைக்கு வருவதில்லை. அவர் நிர்வாகத்தைப் பார்த்துவந்த காலத்தில் ஒரு விதி இருந்தது. சரக்கு ஏற்றிய வண்டி ராகு காலத்தில் கேட்டைத் தாண்டக் கூடாது. ஏற்றலாம், தார்ப்பாய் கட்டலாம், பில் போடலாம். சக்கரம் மட்டும் வாசலைக் கடக்கக் கூடாது. ராகு காலமோ தினம் ஒரு நேரத்தில் வரும். சில நாள் காலை, சில நாள் நடுப்பகல், சில நாள் சாயங்காலம். அதற்கேற்ப என் நாளை மாற்றி மாற்றி அடுக்குவேன்.

அந்தக் காத்திருப்பு ஒன்றரை மணி நேரம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புங்க மரத்து நிழலும் புது பேண்டேஜ் துணியின் வாசனையும்தான் முதலில் வருகின்றன. வண்டிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார்கள். லோடு ஏற்றுகிறவர்கள் டீ குடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருப்பார்கள். நான் ஏற்றி முடித்த சரக்கை மறுபடி ஒரு சுற்று பார்த்துவருவேன். அப்படிப் பார்க்கும்போது ஒருநாள், திருநெல்வேலி போக வேண்டிய பேல்கள் சேலம் வண்டியின் அடித்தட்டில் கிடந்ததைக் கண்டுபிடித்து இறக்கினோம். ராகு காலம் இல்லாவிட்டால் அவை சேலம் பார்த்திருக்கும். அன்றைக்கு அதை நான் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிறகு சின்ன முதலாளி வந்தார். வெளியூரில் படித்து முடித்து, சில காலம் வேறு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் நாற்காலிக்கு வந்தவர். நல்ல மனிதர், வேகமானவர். வந்த வாரத்தில் நம் பிரிவில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். ஒவ்வொரு வண்டியும் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் சும்மா நின்றது, எப்போது கிளம்பியது என்று அதில் எழுத வேண்டும். ‘சும்மா நின்ற நேரம்’ என்ற கட்டத்தை அவரே சிவப்பு மையில் எழுதினார்.

“சார், லோடு ஏறியாச்சு. டிரைவர் இருக்கார். டீசல் இருக்கு. ஆனா வண்டி நிக்குது. இதை யாருக்காவது விளக்கிச் சொல்ல முடியுமா?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

“உங்க அப்பாவுக்குத்தான் தம்பி விளக்கணும்” என்றேன். அவரை நான் சின்னப் பையனாகப் பார்த்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவேன்.

“அவர்கிட்ட யார் பேசுறது?”

பக்கத்தில் நின்ற முனியாண்டிதான் வழி சொன்னான். முனியாண்டி லோடு ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி. வாய் கொஞ்சம் நீளம். “இதுக்கு ஏன் முதலாளி இம்புட்டு ரோசனை? எங்க வீட்டுப் பொம்பளைக ஊருக்குப் போறப்ப நல்ல நேரத்துல பையக் கொண்டுபோய் எதுத்த வீட்டுல வச்சிருவாக. பரஸ்தானம்பாக. பை கெளம்பிட்டா ஆளு கெளம்பின மாதிரி. பொறவு எப்ப வேணாலும் பஸ் ஏறலாம். அதுமாதிரி ஒரு பேலத் தூக்கி கேட்டுக்கு வெளிய வச்சிட்டாப் போச்சு.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். சின்ன முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே வீட்டில் அப்பாவிடம் கேட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, வீட்டுத் தெலுங்கில் “மஞ்சிதி” என்றாராம், நல்லதுதான் என்று. “சாஸ்திரத்துல அதுக்கு இடம் இருக்கு” என்றும் சொன்னாராம். மறுநாளிலிருந்து, ராகு காலம் தொடங்குமுன் கேட்டுக்கு வெளியே சிமெண்ட் மேடையில் ஒரு பேல் போய் உட்கார்ந்தது. அது போய்விட்டதால் எல்லா வண்டிகளும் போய்விட்டதாகக் கணக்கு. பிறகு எந்த வண்டியும் ஏற்றி முடித்ததும் கிளம்பலாம்.

தம்பி கேட்ட பேலுக்கு இதுதான் பதில். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். பலகையின் சிவப்புக் கட்டம் காலியாக இருந்தது. வாடிக்கையாளர்கள் போன் செய்தால், “வண்டி கிளம்பிருச்சு” என்று சின்ன முதலாளி சொல்வார். வெளியே பேல் இருக்கிறதல்லவா, அதனால் அவருக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்தாமல் நேரம் மிச்சமானது.

பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. தார்ப்பாய்க் கயிறு சரியாக இறுக்காமல் போன ஒரு வண்டி மழையில் நனைந்த சரக்கோடு திரும்பி வந்தது. ஒரு டிரைவர் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். இன்னொரு வண்டி நம் கேட் தூணிலேயே கண்ணாடியை உரசி உடைத்துக்கொண்டது. இவற்றை அன்றன்று டைரியில் தனித்தனியாக எழுதினேன். ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் சுடலைமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கான்சாபுரத்துக்காரர். பட்டாளத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்று, நம்மிடம் வந்து சேர்ந்தவர். மலைப் பாதைக்கு அவரைப் போல ஆள் கிடையாது. ராகு காலத்தைக் கேலி செய்வதில் அவருக்கு அலாதி இன்பம். “பனி சரியிற ரோட்டுல ஓட்டியிருக்கேன் சார். அங்க பாறை என்ன ராகு காலம் பாத்தா விழுது? இங்க என்னடான்னா தென்காசி போறதுக்கு ராகுட்ட பெர்மிஷன் கேக்காக” என்பார். சொல்லிவிட்டு, அந்த ஒன்றரை மணி நேரமும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக் குறட்டை விடுவார். இந்த இரண்டையும் நான் வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. கேரளத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஸ்டோருக்கு முதல் முறையாக நம் சரக்கு போகிறது. சின்ன முதலாளி தானே பலமுறை போய்ப் பேசி வாங்கிய ஆர்டர். மாலை ஐந்து மணிக்கு ஸ்டோர் மூடிவிடும். அதற்குள் சேர வேண்டும் என்பது நிபந்தனை. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை ஏறி இறங்க வேண்டும். பத்தரை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

போக வேண்டிய டிரைவர் வீட்டில் திடீரென்று ஒரு சாவு. அவர் வரவில்லை. ஹைதராபாத் போய்விட்டு அன்று விடியற்காலையில்தான் திரும்பியிருந்த சுடலைமுத்து மட்டும்தான் இருந்தார். அவரையே அனுப்புவதென்று முடிவாயிற்று. லோடு ஏறி முடிந்தது. பேல் வெளியே போய்விட்டது. ஸ்டோர் அதிகாரியிடம் வண்டி கிளம்பிவிட்டது என்றும் சொல்லியாகிவிட்டது.

“சுடலை அண்ணே, எடுங்க. நேரமாச்சு” என்றார் சின்ன முதலாளி.

சுடலைமுத்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். “ராகு காலம் வந்துட்டு முதலாளி. பன்னெண்டுக்கு எடுக்கேன்.”

லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முனியாண்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏண்ணே, என்ன திடீர்னு பக்தி? நேத்து வரைக்கும் ராகுவ உங்க கிளீனர் மாதிரில்ல பேசுவீக.”

“வாய மூடுலே.”

“அண்ணே, அதான் பேல் வெளிய வச்சாச்சே. கணக்குப்படி வண்டி அப்பவே கிளம்பியாச்சு” என்றார் சின்ன முதலாளி.

“பேல் கெளம்பியிருக்கும் முதலாளி. நான் கெளம்பல.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சின்ன முதலாளியின் முகம் சிவந்தது. அத்தனை பேர் முன்னால் தன் ஏற்பாட்டையே ஒரு டிரைவர் கிண்டல் செய்வதாக அவருக்குப் பட்டிருக்கும். உடனே அப்பாவுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

“பரஸ்தானம் வச்சாச்சா?” என்று கேட்டது பெரியவரின் குரல்.

“வச்சாச்சு.”

“அப்ப தோஷம் இல்ல. எடுக்கச் சொல்லு.”

போனை அணைத்துவிட்டு அவர் சுடலைமுத்துவைப் பார்த்தார். “கேட்டுட்டீங்கள்ல? இப்ப எடுங்க. இல்லன்னா சாவியைச் சார்ட்ட குடுத்துட்டுப் போங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

சிரிப்பு நின்றது. நம் தொழிலில் டிரைவர் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் அந்தக் கேட்டுக்குள் மறுபடி வருவதில்லை. பக்கத்து ஆலைகளிலும் அது தெரிந்துவிடும். சுடலைமுத்துவின் மகள் அப்போது கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நம் கேட்டைத் தாண்டிப் போகும் காலேஜ் பஸ்ஸைப் பார்த்து அவர் கையாட்டுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அவர் என் மேசையை நோக்கி நடந்து வந்தார். அப்போதுதான் அவரை நான் சரியாகப் பார்த்தேன். சட்டைக் காலர் முழுவதும் ஈரம். முகத்தில் மறுபடி மறுபடி தண்ணீர் அடித்திருக்கிறார். நடக்கும்போது கை வண்டியின் பலகையைத் தடவிக்கொண்டே வந்தது. இமை கீழே இறங்குவதும் அவர் அதைத் தூக்குவதும் தெரிந்தது.

ராகு காலத்தை ஒருநாளும் நம்பாத மனிதர் ஏன் இன்று அதைச் சொல்கிறார் என்பது எனக்கு அந்த நொடியில் புரிந்தது. அவருக்குத் தூக்கம் வேண்டும். அதைச் சொல்ல அவரால் முடியாது. எந்த டிரைவரும் முதலாளி முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார். வேறொரு ஆலையில் அப்படிச் சொன்ன ஒருவரை, ‘வீட்டிலேயே போய்த் தூங்கு’ என்று நிரந்தரமாக அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷமும் அவர்கள் கேட்காமலே அந்த ஒன்றரை மணி நேரம் அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கட்டத்தைக் காலி செய்தபோது நாங்கள் எடுத்தது அதைத்தான்.

இப்போது என்ன செய்வது? உண்மையை உடைத்துச் சொன்னால், ‘முடியாத டிரைவர்’ என்று அத்தனை பேர் முன்னால் அவருக்குப் பெயர் வந்துவிடும். சின்ன முதலாளியாலும் பின்வாங்க முடியாது. அப்பாவின் வாக்கையே எல்லோர் முன்னாலும் வாங்கிக் காட்டிவிட்டார். இரண்டு பேரும் தோற்காத ஒரு காரணம் வேண்டும். யோசிக்க எனக்கு இருந்த நேரம், சுடலைமுத்து லாரியிலிருந்து என் மேசைக்கு நடந்து வரும் நேரம் மட்டும்.

“தம்பி” என்று கூப்பிட்டேன். “சாவி இருக்கட்டும். வண்டிய இப்ப யாராலயும் எடுக்க முடியாது. சரக்கோட போக வேண்டிய இ-வே பில் இன்னும் வரல. நெட் சுத்திக்கிட்டே இருக்கு.”

“எவ்வளவு நேரம் ஆகும் சார்?”

“சொல்ல முடியாது. ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்.”

அவர் என்னையும் என் கம்ப்யூட்டரையும் ஒருமுறை பார்த்தார். “சரி. வந்ததும் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ராகு காலத்துக்கு அவ்வளவு கோபப்பட்டவர் நெட்டுக்குக் கோபப்படவில்லை.

அச்சடித்த பில் என் மேசை டிராயருக்குள் இருந்தது.

“நீங்க செத்த நேரம் அப்படி உக்காருங்க” என்றேன் சுடலைமுத்துவிடம். அவர் கேட்டுக்கு வெளியே போய், மேடையிலிருந்த அந்தப் பேலில் தலையைச் சாய்த்தார். காலை நீட்டுவதற்குள் தூங்கிவிட்டார்.

அந்த ஒன்றரை மணி நேரம் போல நீளமான நேரத்தை நான் வேலையில் பார்த்ததில்லை. ஸ்டோரிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. சின்ன முதலாளி வந்து, “ஆச்சா சார்?” என்று கேட்டார். “இன்னும் சுத்துது” என்றேன். எந்தத் தாளையும் ஒழுங்காக அடுக்கிப் பழகிய எனக்கு, ஒரு பொய்யை மேசைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. உங்களுக்கு இதை வழியாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வண்டி இனி ஐந்து மணிக்குள் போகாது. அப்படியானால் அங்கே பேசுவதற்கு ஆள் வேண்டும். சின்ன முதலாளியின் அறைக்குப் போனேன்.

“தம்பி, சரக்கு லேட்டாத்தான் போகும். ஸ்டோர்காரங்ககிட்ட போன்ல சொல்றதவிட நீங்க நேர்ல நின்னா வேற மாதிரி. வண்டியிலயே போயிட்டு வாங்களேன்.”

“கார்ல போறேனே.”

“கார் முன்னாடியே போயிரும். சரக்கு இல்லாம நீங்க மட்டும் போய் நின்னு என்ன சொல்லுவீங்க?”

அவர் யோசித்தார். ஆர்டர் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. “சரி, நானும் வாரேன்னு சுடலை அண்ணன்கிட்ட சொல்லுங்க” என்றார்.

பன்னிரண்டுக்குச் சற்று முன் போய்ச் சுடலைமுத்துவை எழுப்பினேன். எழுந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே, சிரிக்காமல் கேட்டார்: “நெட் வந்துட்டா சார்?”

“வந்துட்டு.”

இருவரும் கிளம்பிப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டோர் மூடியிருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகச் சரக்கை எடுத்துக்கொண்டார்கள். தாமதம் என்று ஒரு குறிப்பும் எழுதினார்கள். அடுத்த முறை அந்த ஆர்டர் நமக்கு முழுவதுமாக வரவில்லை, ஒரு பகுதி வேறொருவருக்குப் போயிற்று. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் எடுத்துக் கொடுத்த ஒன்றரை மணி நேரம் இலவசமாகக் கிடைத்ததல்ல.

திங்கட்கிழமை காலை சின்ன முதலாளி என் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “சார், மலைப் பாதையில நான் ரெண்டு தடவை தூங்கிட்டேன்.”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“முந்தின நாள் ராத்திரி நல்லாத் தூங்கினவன்தான். அப்படியும் அந்த வெயில்ல, அந்தச் சத்தத்துல, கண்ணு தானா சொருகிருச்சு. செக்போஸ்ட்ல வண்டி நின்னப்ப முழிச்சுப் பாக்கறேன், என் தலை கதவுல இடிக்காம அவர் துண்டை மடிச்சு வச்சிருக்கார். வச்சதே எனக்குத் தெரியல. அவர் படுத்து ரெண்டு ராத்திரி ஆச்சாம். ஏன் எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக முதலாளி?’ன்னு கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“துண்டை மடிச்சுத் திருப்பிக் குடுத்தேன் சார். அவ்வளவுதான்.”

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. “தம்பி, அன்னைக்கு நெட் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“தெரியும் சார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்தார். “அந்த நேரம் பூரா நான் அதே நெட்லதான் வீடியோ கால் பேசிட்டிருந்தேன்.”

“பின்ன ஏன் கேக்கல?”

“கேட்டா வண்டிய எடுக்கச் சொல்லியிருக்கணும். அவர் எடுக்கலன்னா சாவியை வாங்கியிருக்கணும். ரெண்டும் எனக்குப் பிடிக்கல. நீங்க ஏதோ ஒரு கதவைத் திறந்து விட்டீங்க, நான் வெளிய போயிட்டேன்.”

பிறகு, பழையபடி ராகு காலத்தில் வண்டிகளை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ராகு காலத்துக்கு யார் தூங்கியவர், யார் தூங்காதவர் என்று தெரியாது. வீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தவரையும் அது நிறுத்தும். விடிய விடிய ஓட்டி வந்தவருக்கு அது சாயங்காலம் வந்தால் என்ன பிரயோஜனம்? ஆளைப் பார்த்துத்தான் நேரம் கொடுக்க வேண்டும். அதற்கு அவர்களே வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

“கேப்பாங்களா?”

“உடனே கேக்க மாட்டாங்க. கேட்டா வேலை போகாதுன்னு நம்பிக்கை வரணும்.”

புதியவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வேலையில் சும்மா நிற்கும் நேரம் என்று ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அதை வெட்டுவதற்கு முன்னால், அந்த நேரத்தில் யார் நிற்கிறார்கள், நின்று என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சில நேரம் உண்மையிலேயே வீண்தான். தாராளமாக வெட்டுங்கள். சிலவற்றை வேறு யாரோ தங்கள் உடம்பைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். அது எந்தப் பலகையிலும் வராது. வீட்டிலும் அப்படித்தான். என் மனைவி சமையல் முடித்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள். ஓய்வு பெற்ற புதிதில், அந்த நேரத்தை மிச்சப்படுத்த அவளுக்கு ஒரு யோசனை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சுடலைமுத்து நினைவுக்கு வந்தார். பேசாமல் மாடிக்கு வந்துவிட்டேன்.

சின்ன முதலாளி அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். நெடுந்தூரம் போய்வந்த டிரைவரை மறுபடி அனுப்புமுன் தானே போய், “தூங்கினீங்களா? நேரம் வேணுமா?” என்று கேட்பார். பல வாரங்கள் ஒருவர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை. “இல்ல முதலாளி, ஒண்ணுமில்ல” என்பார்கள். கண் செவசெவ என்று இருக்கும். அவர் என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி வண்டியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பேன். கேட்டுக்கு வெளியே பேல் வைப்பதையும் அவர் நிறுத்தவில்லை. அப்பாவின் மனத்துக்காக அது அப்படியே இருக்கட்டும் என்றார். அதனால்தான் அது இன்றும் இருக்கிறது.

பிறகு ஒருநாள் மதியம். அவசரச் சரக்கு ஒன்று மதுரைக்கு மேல் போக வேண்டும். லோடு ஏறிக்கொண்டிருந்தது. சுடலைமுத்து அப்போதுதான் வேறொரு ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். இன்னும் இரண்டு டிரைவர்கள் கேட்டில் நின்றிருந்தார்கள், முனியாண்டியின் ஆட்களும் இருந்தார்கள். சின்ன முதலாளி வந்து வழக்கம்போலக் கேட்டார்.

சுடலைமுத்து மற்ற டிரைவர்களை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, பட்டாளத்தில் அதிகாரி முன் நிற்பவரைப் போல நிமிர்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“ஆமா முதலாளி. தூக்கம் வருது. ரெண்டு மணி நேரம் வேணும்.”

ஏற்றிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுவிட்டது. மற்ற இரண்டு டிரைவர்களும் சின்ன முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையை நீட்டினார். சுடலைமுத்து சாவியைக் கொடுத்தார். அதை வாங்கி, என் மேசைக்கு மேலே இருக்கும் ஆணியில் தானே மாட்டினார்.

“உள்ள அறையில ஃபேன் இருக்கு. போய்ப் படுங்கண்ணே. நானே வந்து எழுப்பறேன்.”

சுடலைமுத்து போய்ப் படுத்தார். கதவு பாதி திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. முனியாண்டியின் ஆள் ஒருவன் தோளிலிருந்த பேலை லாரித் தட்டில் தொம்மென்று போட்டான். சின்ன முதலாளி விரலை உதட்டில் வைத்தார்.

“சத்தம் போடாம ஏத்துங்கப்பா.”

“பேல சத்தமில்லாம எப்பிடி முதலாளி ஏத்த?” என்று முனியாண்டி தாழ்ந்த குரலில் கேட்டான்.

“ரெண்டு பேராப் பிடிச்சு மெதுவா வைங்க” என்றார் சின்ன முதலாளி. “நேரம் இருக்கு.”